புகை மணம்

போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்தவள், பையைக் கூடக் கழற்றாமல் சொன்னாள்: "அம்மா, புதுசா வந்திருக்கிற பிள்ளைக்குப் பக்கத்தில யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க. அவ மேல ஒரே புகை மணம்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "நானும் இடம் மாறிட்டேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. அவளுக்கு எட்டு வயது. இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் பிறந்து காஸ் அடுப்பு வீட்டில் வளர்ந்தவள். நான் நோர்வூட் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்துக் காம்பராவில், அதாவது தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்றில் பிறந்தவள். அந்தப் புகை எங்கிருந்து வருகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசியில் பிடிக்கிற மழை ஆவணி வரைக்கும் விட்டு விட்டுக் கொட்டும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் சொதசொதவென்றே இருக்கும். லயத்தில் துணி காய நம்பகமான இடம் ஒன்றுதான்: அடுப்புக்கு மேலே இழுத்துக் கட்டிய கயிறு. அடுப்பில் எரிவது மிலாறு, கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி. அது ஈரமாக இருந்தால் கண்ணைத் திறக்க முடியாத புகை. இரண்டே யூனிபோம் வைத்திருக்கிற பிள்ளை வேறென்ன செய்யும்? வெள்ளைத் துணியை எவ்வளவு வெளுத்தாலும் அந்த மணம் போகாது. ஆறாம் வகுப்பில் நானும் கடைசி வாங்கில் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அம்மாவிடம் அதை ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்கு மகளை நன்றாகத் திட்டிவிட்டேன். அவள் அழுதுகொண்டே தூங்கிப் போனாள். அப்புறம்தான் யோசித்தேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு இது எங்கிருந்து வந்தது? என்னிடமிருந்துதான். ஒவ்வொரு முறையும் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியதும், வாசலிலேயே நிறுத்தி, "உடுப்பெல்லாம் கழற்றி வாளியில போடுங்க, ஒரே புகை மணம்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு சொல்கிறவள் நான். சண்டே ஸ்கூலிலும் அறநெறி வகுப்பிலும் எல்லோரையும் நேசிக்கச் சொல்லித்தருகிறார்கள், நல்லதுதான். ஆனால் பிள்ளை படித்தது என் மூக்கைப் பார்த்து.

காலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைசி வாங்குக் கதையையும் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. என் கையை எடுத்து மோந்து பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை பொகவந்தலாவை பஸ் ஏறி அம்மாயி வீட்டுக்குப் போனோம். இறங்கி மேடேறுவதற்குள் மழை. மகளின் சுவேட்டர் தொப்பலாக நனைந்துவிட்டது. அம்மா அதைப் பிழிந்து, கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை, கயிற்றில் போட்டுவிட்டார். நாங்கள் அடுப்பைச் சுற்றிக் குந்தி ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டுச் சாயத்தண்ணி குடித்தோம். மகள் சுவரிலிருந்த பழைய படத்தைக் காட்டி யாரென்று கேட்டாள். என் பெரியம்மா. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழியில் வந்த நம் சனங்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து இன்னார் இந்தியாவுக்கு, இன்னார் இங்கே என்று பிரித்தது. அதில் பெரியம்மா குடும்பம் தமிழ்நாட்டுக் கூடலூருக்குப் போய்விட்டது. ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்தபோது தன் அக்கா ஜன்னல் வழியாக நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டே பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடியதை அம்மா சொன்னார். "இங்க நம்மள இந்தியாக்காரன்னாங்க. அங்க போனா அவளைச் சிலோன்காரின்னாங்க." மகள் ரொட்டியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மாலை சுவேட்டர் காய்ந்திருந்தது. பஸ்ஸில் வரும்போது அவள் சுவேட்டரின் கையை மூக்கருகே வைத்து மோந்தாள். மறுபடியும் மோந்தாள். "அம்மாயி வீடு மாதிரி மணக்குது" என்றாள். அன்றைக்கு நான் வாசலில் யாரையும் நிறுத்தவில்லை.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாளாம். சரி, பிறந்தநாளுக்கும் கூப்பிடலாம் என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பிள்ளை வரவில்லை. எனக்கு முதலில் வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பஸ் காசு, ஒரு பரிசு, போட்டுவர நல்ல உடுப்பு, கூட்டிவர ஒரு பெரிய ஆள். அந்தத் தாய் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிறவர், ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் பேர், அதாவது சம்பளம், இல்லை. கூப்பிட்டுவிட்டால் மட்டும் போதுமா? வர முடிகிற மாதிரியல்லவா கூப்பிட வேண்டும். அடுத்த வாரம் ஒரு சாதாரணப் புதன்கிழமை, முன்கூட்டியே அந்தத் தாயிடம் கேட்டு, பள்ளிக்கூடம் விட்டதும் இரண்டு பேரையும் நானே கூட்டிவந்து, அவித்த கடலை கொடுத்து, விளையாட விட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

சின்னவன் விஷயம் வேறு. கீழ் வீட்டுச் சிங்களப் பையன் இவனைப் பார்க்கும்போதெல்லாம் "என்ன, என்ன" என்பான். இவனும் "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிடுவான். பல நாள் இப்படி நடந்திருக்கிறது. எனக்குத் தெரிய வந்ததும், "அது என்னன்னு கேட்கிறதில்லடா, சிங்களத்தில 'வாங்க'ன்னு கூப்பிடுறது" என்றேன். ஐந்து வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அத்தனை நாளும் தன்னை விளையாடக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் செருப்பைக் கூடப் போடாமல் படியில் இறங்கி ஓடினான். இப்போது அவன் இங்கே "வா வா" என்கிறான், இவன் அங்கே "என்ன, என்ன" என்கிறான்.

புதன்கிழமை கடலை போட்டுக் கொடுத்துவிட்ட டப்பா நேற்றுத் திரும்பி வந்தது, உள்ளே லயத்துத் தோட்டத்தில் பறித்த பீன்ஸ். கூடவே ஒரு செய்தி: வருகிற ஞாயிறு மகளை அனுப்பச் சொல்லி. மூத்தவள் இப்போதே சுவேட்டரை எடுத்து வைத்துவிட்டாள்.