போவதா, இருப்பதா: 2022இல் கணக்குப் போட்ட விதம்

2022 மார்ச் தொடக்கத்தில் இலங்கையில் டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். மே மாதத்தில் 360. இலட்சம் ரூபாய் சம்பளம் 500 டொலரிலிருந்து 280க்குள் சுருங்கியது. பலரும் அந்த எண்ணைப் பார்த்தே வெளிநாட்டு வேலைக்கு வெளிக்கிட முடிவெடுத்தார்கள். போவதா, இருப்பதா என்று கணக்குப் போட்டபோது நாங்கள் அந்த எண்ணைக் கடைசிக்கு ஒதுக்கினோம். இங்கே இருப்பவருக்கு வாடகையும் பள்ளிச் செலவும் ரூபாயில்தான். செப்டம்பரில் விலைவாசி முந்தைய ஆண்டைவிட 70 வீதம் அளவில் ஏறியிருந்தது. அதுதான் வீட்டைத் தாக்கியது.

ஆகவே முதலில் எழுதியது, சம்பளம் நின்றால் கையிருப்பு எத்தனை மாதம் தாங்கும் என்பது. அடுத்தது கடன். ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி உயர்த்தியதால், மாறும் வட்டிக் கடன்களின் சுமை கூடியது. அடகு நகையையும் பிறருக்குப் பிணை நின்ற கடனையும் சேர்த்து எழுத வேண்டும். பிணையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடனாளி கட்டத் தவறினால் வங்கி பிணையாளியைத் தேடி வரும்.

போகும் பக்கத்துக் கணக்கு பிழைப்பது பெரும்பாலும் நாணய மாற்றில்தான். மாதம் 600 டொலர் அனுப்பினால் 216,000 ரூபாய் என்று 360இல் கணக்குப் போட்டு, வட்டிக்கு வாங்கி வேலைவாய்ப்பு முகவருக்குக் கொடுப்பார்கள். 2024 முடிவில் டொலர் 300க்குக் கீழே வந்துவிட்டது. 295இல் அதே 600 டொலர் 177,000 ரூபாய்தான். ரூபாயில் வாங்கிய கடனோ குறையவில்லை. எனவே டொலர் 250 ரூபாய்க்கு இறங்கினாலும் தவணை கட்ட முடியுமா என்று பார்த்தே கடன் வாங்குங்கள்.

முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்த்து, புறப்படுமுன் பதிவு செய்யுங்கள். தயவுசெய்து சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். சம்பளம் தராவிட்டால் தூதரகத்தில் காட்ட ஒப்பந்தமே இருக்காது.

அரசு ஊழியருக்கு நடுவழி ஒன்று திறந்தது. 2022 ஜூன் சுற்றறிக்கை, பணிமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்காமல் 5 ஆண்டு வரை சம்பளமற்ற விடுமுறைக்கு இடம் தந்தது. வேலையை விடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சம்பளத்தில் கழிந்துவந்த கடன் தவணையை இனி யார், எந்தக் கணக்கிலிருந்து கட்டுவது என்பதைப் போகுமுன் எழுதி ஒழுங்குபடுத்த வேண்டும்.

தனியார் துறையினர் ஊழியர் சேமலாப நிதியைக் கைக்காசாக எண்ண வேண்டாம். பொதுவாக ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயதில்தான் அது முழுதாகக் கிடைக்கும். நாட்டை நிரந்தரமாக விட்டுப் போவோருக்கு விதிவிலக்கு உண்டு. காணி, வங்கி அலுவல்களுக்கு நொத்தாரிசு முன் அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட இன்னொருவருக்குத் தரும் அதிகாரப் பத்திரம்) எழுதி, நம்பகமான ஒருவரிடம் கொடுத்துவிட்டே விமானச் சீட்டு வாங்குங்கள்.