கம்பெனி எங்க போகுதுன்னு கமிஷன் ஷீட்ல பாருங்க

குடோன் நடத்துறவங்களுக்கு சாஃப்ட்வேர் செய்யற ஒரு கம்பெனில ரொம்ப வருஷமா ப்ராடக்ட் பக்கம், அதாவது சாஃப்ட்வேர்ல என்னென்ன வசதி இருக்கணும்னு முடிவு பண்ற பக்கம், வேலை பாக்கறேன். புதுசா சேர்ற பசங்க அடிக்கடி கேக்கற கேள்வி ஒண்ணு உண்டு, தொழிலே மாறிக்கிட்டு இருக்கும்போது ஒரு கம்பெனி எப்படி சார் முடிவு எடுக்குது, யாரு எடுக்கறாங்கன்னு. மேல இருக்கற யாரோ ஒருத்தர் வரப்போறத முன்கூட்டியே பாத்துட்டு கப்புனு திருப்பிடுவாருன்னு அவங்க மனசுல ஒரு படம் இருக்கும். நான் உள்ள இருந்து பாத்தது வேற மாதிரி, அதைத்தான் எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்க கம்பெனி முன்னாடி சாஃப்ட்வேர லைசென்ஸா வித்துக்கிட்டு இருந்தது, அதாவது ஒரே தடவை பெரிய தொகை வாங்கிடுவோம், அப்புறம் வருஷா வருஷம் மெயின்டெனன்ஸ்னு கொஞ்சம் வரும். மார்க்கெட் முழுக்க மாசச் சந்தாவுக்கு போகுதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது, எங்க மேனேஜ்மென்டுக்கும் நல்லாவே தெரிஞ்சுது. பெரிய மீட்டிங் போட்டு, இனிமே நாம சந்தா கம்பெனின்னு அறிவிச்சாங்க, ஸ்லைடு எல்லாம் பிரமாதமா இருந்துச்சு. ஆனா அடுத்த பல மாசம் விற்பனை கணக்க பாத்தா லைசென்ஸ்தான் போய்க்கிட்டு இருக்கு. சந்தாவுல வந்தவங்க யாருன்னு பாத்தா, லைசென்ஸ் வாங்க கையில காசு இல்லாதவங்க மட்டும்தான்.

காரணம் ரொம்ப சிம்பிள். விற்கறவருக்கு கமிஷன் கணக்கு, டீல் முடிஞ்ச அன்னிக்கு கம்பெனிக்குள்ள வந்த தொகை மேல. லைசென்ஸ் வித்தா அந்த காலாண்டுலயே நல்ல தொகை கைக்கு வரும், சந்தா வித்தா முதல் மாசத் தொகை மேலதான் கணக்கு, அது ஒண்ணுமே இல்ல. வீட்டு லோன் கட்டணும், பிள்ளைங்க ஃபீஸ் கட்டணும், அவர் எதை விப்பாரு? அவர் மேல தப்பு சொல்லவே முடியாது, கம்பெனி எதுக்கு காசு குடுத்துச்சோ அதத்தான் அவர் செஞ்சாரு. எதுக்கு எவ்வளவு கமிஷன்னு சொல்ற அந்த கமிஷன் ஷீட்ட மாத்துன அப்புறம்தான் (ஒரு வருஷ சந்தாவோட மொத்த மதிப்பு மேல கமிஷன், கஸ்டமர் ரெண்டாவது வருஷமும் தொடர்ந்தா அதுக்கும் ஒரு பங்கு) விற்பனை திரும்புச்சு. அதே ஆளுங்க, அதே ப்ராடக்ட்.

இதே மாற்றத்த பெரிய அளவுல செஞ்சது போட்டோஷாப் செய்யற அடோபி. 2012-ல கிரியேட்டிவ் கிளவுட்னு அவங்க சாஃப்ட்வேர்கள சந்தாவுல தர்ற திட்டம் கொண்டுவந்தாங்க, 2013 மே மாசம், இனிமே புது வெர்ஷன் எதுவும் பெட்டில போட்டு ஒரே விலைக்கு விக்க மாட்டோம், சந்தா மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. 2012-ல சுமார் 440 கோடி டாலரா இருந்த வருமானம் 2013-ல 406 கோடி டாலர் கிட்ட இறங்குச்சு. இறங்கும்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும், ஏன்னா ஒரே நாள்ல வர வேண்டிய காசு மாசா மாசம் பிரிஞ்சு வருது. எனக்கு இதுல ரொம்ப புடிச்சது எதுன்னா, அவங்க முதலீட்டாளர்கள்கிட்ட போயி இனிமே இந்த காலாண்டு வருமானத்த வச்சு எங்கள பாக்காதீங்க, எத்தனை பேரு சந்தால இருக்காங்க, அதுல இருந்து வருஷத்துக்கு தொடர்ந்து எவ்வளவு வரும், அதப் பாருங்கன்னு சொல்லி அந்தக் கணக்க ஒவ்வொரு காலாண்டும் வெளியிட்டாங்க. அது செய்யாம இருந்திருந்தா அந்த இறக்கத்த பாத்து பாதி வழியில யாராவது நிறுத்தச் சொல்லியிருப்பாங்க, நிச்சயமா.

ட்ரெய்னிங் வகுப்புல கேமரா ஃபிலிம் கம்பெனி கோடாக் கதை சொல்வாங்க இல்லையா, தூங்கிக்கிட்டே இருந்தாங்க, டிஜிட்டல் வந்துச்சு, காணாம போனாங்கன்னு. அந்தக் கதை அப்படி சொல்லப்படறது எனக்கு உண்மையிலயே வருத்தமா இருக்கும், ஏன்னா அங்க வேலை பாத்தவங்களுக்கு அது செய்யற அநியாயம். 1975-ல டிஜிட்டல் கேமராவ செஞ்சு காட்டுனவரே கோடாக் இன்ஜினியர் ஸ்டீவ் சாஸன்தான், ஒரு படத்த கேசட் டேப்புல பதிய அதுக்கு 23 செகண்ட் ஆச்சு. 1981 வாக்குல உள்ளயே ஒரு ஆய்வு பண்ணி, டிஜிட்டல் ஃபிலிமை முழுங்க இன்னும் சுமார் 10 வருஷம் இருக்குன்னும் கண்டுபிடிச்சாங்க. 2005-ல அமெரிக்காவுல டிஜிட்டல் கேமரா விற்பனைல முதல் இடத்துல இருந்ததும் அவங்கதான். தெரியாம விழல. ஃபிலிம் ரோல் வித்தா லாபம், அதை கழுவற கெமிக்கல்ல லாபம், பிரிண்ட் போடற பேப்பர்ல லாபம், ஒரே கஸ்டமர் திரும்பத் திரும்ப வருவாரு. டிஜிட்டல் கேமரா ஒரு தடவை வாங்குற எலக்ட்ரானிக்ஸ் சாமான், அதுல நிக்கறது கொஞ்சம்தான். அந்த லாபக் கணக்கு முன்னாடி உக்காந்தா எந்த மேனேஜரும் அடுத்த ரூபாயையும் அடுத்த ஆளையும் ஃபிலிம் பக்கம்தான் அனுப்புவாரு, நானா இருந்தாலும் அனுப்பியிருப்பேன். 2012 ஜனவரில திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்கு போனாங்க.

ஜப்பான் ஃபிலிம் கம்பெனி ஃபுஜிஃபிலிமுக்கும் அதே அடிதான் விழுந்துச்சு. உலகத்துல கலர் ஃபிலிம் விற்பனை உச்சத்துக்கு போனது 2000 வாக்குல, அப்புறம் சரசரன்னு இறங்குச்சு. ஷிகெடாகா கோமோரி தலைமையில அவங்க கேட்ட கேள்வி வேற, நமக்கு என்னென்ன செய்யத் தெரியும், அது வேற எந்த தொழிலுக்கு உதவும்னு. எல்சிடி திரைக்கு வேண்டிய ஒரு மெல்லிய பாதுகாப்பு ஃபிலிம் இருக்கு, அது அவங்க போட்டோ ஃபிலிமுக்கு அடியில போடற அதே பொருள் வகை, அதுல பெரிய முதலீடு போட்டாங்க. போட்டோ ஃபிலிம்ல இருக்கற ஜெலட்டின், தோல்லயும் இருக்கற கொலாஜன்ங்கற புரதத்துல இருந்து வருது, போட்டோ வெளுத்துப்போகாம இருக்க ஆக்சிஜனேற்றத்த தடுக்கற வேதியியல் அவங்களுக்கு அத்துப்படி, அத வச்சு 2007-ல அஸ்டாலிஃப்ட்னு தோல் பராமரிப்பு க்ரீமே கொண்டுவந்தாங்க. கூடவே ஃபிலிம் தொழில்ல ஆலைகளயும் ஆளுங்களயும் வலிக்க வலிக்க குறைச்சாங்க, அந்த பகுதிய யாரும் வகுப்புல சொல்றதில்ல.

இதுல கம்ப்யூட்டர் சிப் செய்யற இன்டெல் கதைதான் எனக்கு ரொம்ப நெருக்கம். 1985-ல அதோட பிரசிடெண்ட் ஆண்டி குரோவ், சிஇஓ கார்டன் மூர்கிட்ட, நம்ம ரெண்டு பேரையும் தூக்கிட்டு புதுசா ஒருத்தர உக்கார வச்சா அவர் என்ன பண்ணுவாருன்னு கேட்டதும், மெமரி சிப் தொழில விட்டு வெளிய வருவாருன்னு மூர் சொன்னதும் எல்லா மேடையிலயும் வருது. அது நல்ல கேள்விதான், நான் மறுக்கல. ஆனா அந்த உரையாடலுக்கு ரொம்ப முன்னாடியே இன்டெல் ஃபேக்டரிகள் பெரும்பாலும் மெமரிய விட்டு நகர்ந்துடுச்சு. எப்படின்னா, சிலிக்கான் வேஃபர (சிப்புகள அச்சடிக்கற மெல்லிய தட்டு) எந்த ப்ராடக்டுக்கு ஒதுக்கறதுன்னு முடிவு பண்ண அங்க ஒரு விதி இருந்துச்சு, ஒரு வேஃபருக்கு எது அதிக லாபம் தருதோ அதுக்கு முதல்ல. ஜப்பான் கம்பெனிகளோட போட்டில மெமரி விலை விழ விழ, அந்த விதிப்படி நடுமட்டத்துல இருக்கறவங்க மாசா மாசம் மைக்ரோபிராசசர் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா ஒதுக்கிக்கிட்டே போனாங்க, யாரும் தொழிலையே மாத்தறோம்னு நினைச்சு செய்யல. தலைமை மனசளவுல மெமரி கம்பெனியாவே இருந்துச்சு, ஆராய்ச்சிக் காசுல கணிசமான பங்கு அங்கதான் போச்சு, விற்பனைல மெமரி சின்னதா சுருங்கியிருந்துச்சு. குரோவும் மூரும் பேசுனது, பாதி நடந்து முடிஞ்ச ஒண்ண ஒத்துக்கிட்டதுன்னுதான் நான் பாக்கறேன். ஒத்துக்கறதும் பெரிய விஷயம்தான், அது எத்தனையோ பேருக்கு வர்றதில்ல.

இப்ப எங்க ஆபீஸுக்கே வர்றேன், ஏன்னா கம்பெனி கத்துக்கறத நான் கண் முன்னால பாத்த இடம் அது. ஒரு கஸ்டமரோட குடோனுக்கு சப்போர்ட் டீம் பொண்ணு ஒருத்தி கூட போயிருந்தேன். லாரில சரக்கு ஏத்தற லோடிங் பே பக்கத்துல ஷிஃப்ட் சூப்பர்வைசர் நம்ம சாஃப்ட்வேர்ல இருந்து லோடு லிஸ்ட்ட பிரிண்ட் எடுக்கறாரு, காதுல சொருகியிருந்த பேனாவ எடுத்து ஒவ்வொரு வரிக்கும் ஓரத்துல ஒரு நேரத்த எழுதறாரு, 6.40, 7.05, இப்படி. என்ன சார் எழுதறீங்கன்னு கேட்டேன். "வண்டி வாசல் கேட்டுக்கு வந்த நேரம் சார். உங்க சிஸ்டம்ல லோடிங் ஆரம்பிச்ச நேரம்தானே இருக்கு. டிரான்ஸ்போர்ட்காரங்க வண்டி காத்திருந்ததுக்கு கேட்டுல இருந்துதான் காசு கேக்கறாங்க. மாசக் கடைசில சண்டை வந்தா இந்த பேப்பர்தான் எனக்கு சாட்சி." சொல்லிட்டு அலமாரிய திறந்து காட்டுனாரு, மாசவாரியா கட்டி வச்ச கட்டுகள், எல்லாத்துலயும் ஓரத்துல அவர் கையெழுத்து.

அந்தப் பொண்ணு திரும்பி வரும்போது வண்டியில சொன்னா, "சார், இத நிறைய பேரு கேட்டிருக்காங்க, ரிப்போர்ட்ல அதுக்கு ஒரு காலம் (column) சேர்க்க முடியுமான்னு. நாங்க ட்ரெய்னிங்னு போட்டு க்ளோஸ் பண்ணிடுவோம்." ஆபீஸ் வந்து கஸ்டமர் புகார், கேள்வி எல்லாம் பதிவாகற டிக்கெட் சிஸ்டத்த திறந்து பாத்தோம், அவ சொன்னது அப்படியே இருந்துச்சு. டிக்கெட்ட மூடணும்னா ஒரு வகைய தேர்ந்தெடுத்தே ஆகணும், இருந்த வகைகள் பக், ட்ரெய்னிங், பில்லிங், மத்தவை. மத்தவைன்னு போட்டா டீம் லீட் ஏன்னு கேப்பாங்க. பக் கிடையாது, பில்லிங் கிடையாது, அதனால ட்ரெய்னிங். ட்ரெய்னிங் டிக்கெட்ட ப்ராடக்ட் டீம் பாக்கறதே இல்ல, அது வீடியோ செய்யறவங்களுக்கு போகும். பல கஸ்டமருங்க பல வருஷமா காசு நஷ்டமாகுதுன்னு நம்மகிட்ட சொல்லிக்கிட்டே இருந்திருக்காங்க, அது எங்களுக்குள்ள வந்து சேர்ந்தும் இருக்கு, ஆனா முடிவு எடுக்கற மேசைக்கு வர வழியே இல்லாம ஒரு டிராப்டவுன் மெனு அத நிறுத்தி வச்சிருக்கு.

நாங்க செஞ்சது பெரிசா ஒண்ணும் இல்ல. டிக்கெட்ல ஒரு காலி கட்டம் சேர்த்தோம், இது இல்லாததால கஸ்டமர் கையால என்ன பண்றாரு, அவர் வார்த்தையிலயே எழுதவும்னு. பேப்பர்ல எழுதறாரு, எக்செல்ல தனியா போடறாரு, வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பறாரு, இப்படி வரி வரியா வர ஆரம்பிச்சுது. அந்த வரிகள வாரம் ஒரு தடவை ப்ராடக்ட் ஆளுங்க உக்காந்து படிக்கணும், சுருக்கம் கிடையாது, முழுசா. வண்டி கேட்டுக்கு வந்த நேரத்த போட ஒரு சின்ன ஸ்கிரீன் செஞ்சோம், வாட்ச்மேன் ஃபோன்லயே போடலாம். ஒரு டெமோல அத காட்டும்போது கஸ்டமர் பக்கம் அக்கவுண்ட்ஸ்காரர் நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்தாரு, அதுவரைக்கும் ஃபோன பாத்துக்கிட்டு இருந்தவரு.

டொயோட்டா ஆலைகள்ல ஆண்டான் கயிறுன்னு ஒண்ணு உண்டு, எந்த தொழிலாளியும் தப்பு தெரிஞ்சா இழுக்கலாம், லைன் நின்னுடும்னு பொதுவா சொல்வாங்க. இழுத்த உடனே நிக்காது, விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவாரு, லைன்ல நகர்ற கார் அந்த இடத்தோட எல்லைக் கோட்ட தாண்டறதுக்குள்ள சரி பண்ணிட்டா லைன் ஓடிக்கிட்டே இருக்கும், முடியலன்னாதான் நிக்கும். கயிற கட்டறது ஈஸி. இழுத்தா ஒரு ஆள் வந்து நிக்கறாருங்கறதுதான் அதோட உயிர். எங்க காலி கட்டத்துக்கும் அதேதான், எழுதுன வரிக்கு ஒரு வாரத்துல ப்ராடக்ட்ல இருந்து யாராவது பதில் போடணும்னு வச்சோம், முடியாதுன்னா முடியாதுன்னாவது. பதில் வர ஆரம்பிச்ச அப்புறம்தான் சப்போர்ட் ஆளுங்க மனசு வச்சு எழுதுனாங்க.

முடிவு எடுக்கறதுல எனக்கு கை கொடுத்த ஒரு பழக்கம், கேரி க்ளைன்ங்கற உளவியலாளர் சொன்ன ப்ரீமார்ட்டம். ஒரு திட்டத்த ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, இது படுதோல்வி ஆயிடுச்சுன்னு வச்சுக்கிட்டு, ஏன் ஆச்சுன்னு எல்லாரும் தனித்தனியா எழுதணும். இது நல்லா வருமான்னு கேட்டா பெரியவங்க முன்னாடி யாரும் வாய திறக்க மாட்டாங்க, தோத்துடுச்சு, காரணம் எழுதுன்னு சொன்னா எழுதிடுவாங்க. நான் மேல சொன்ன கமிஷன் விஷயம் வெளிய வந்ததே அப்படி ஒரு மீட்டிங்லதான். எழுதுனது விற்பனைத் தலைவரோ நானோ இல்ல, அக்கவுண்ட்ஸ் மேடம். சம்பள ஸ்லிப் எல்லாம் அவங்க கைவழியா போறதால, எந்த டீலுக்கு யாருக்கு எவ்வளவு போகுதுன்னு அவங்களுக்குத்தான் வரி வரியா தெரியும். "விக்கறவங்க இத விக்க மாட்டாங்க, அவங்க ஷீட் இன்னும் பழசு"ன்னு ஒரே வரி. அதுவரைக்கும் அந்த மாதிரி மீட்டிங்குக்கு அவங்கள கூப்பிட்டதே இல்ல.

இப்ப மறுபடியும் தொழில் மாறுது. எங்க சந்தா விலை ஒரு யூசருக்கு மாசம் இவ்வளவுன்னு இருக்கு. ஏஐ வச்சு டாக்குமெண்ட் படிச்சு என்ட்ரி போடற வசதி கொண்டுவந்திருக்கோம், அது நல்லா வேலை செஞ்சா கஸ்டமர் ஆபீஸ்ல உக்காந்து என்ட்ரி போடற யூசருங்க குறைவாங்க, அப்ப எங்க வருமானமும் குறையும். நம்ம ப்ராடக்ட் நல்லா இருக்க இருக்க நமக்கு நஷ்டம்ங்கற மாதிரி ஒரு விலை. யூசர் எண்ணிக்கைய விட்டுட்டு எத்தனை லோடு போச்சு, எத்தனை டாக்குமெண்ட் படிச்சுதுன்னு அத வச்சு வாங்கலாம்னு ஒரு தரப்பு சொல்லுது, கஸ்டமருக்கு மாசா மாசம் பில் ஏறி இறங்குனா பட்ஜெட் போட முடியாதுன்னு இன்னொரு தரப்பு, ரெண்டும் நியாயம்தான். ரெண்டையும் கலந்து, ஒரு அடிப்படைத் தொகையும் அதுக்கு மேல பயன்பாட்டுக்கு ஏத்த தொகையும்னு போகலாம்னு எனக்கு தோணுது, சில கஸ்டமர்கிட்ட மட்டும் சோதிச்சு பாக்கறோம், சரி வரலன்னா பழைய விலைக்கே திரும்பிக்கலாம்னு ஒப்பந்தத்துலயே எழுதியாச்சு.

விலைய பத்தி இத்தனை விவாதம் நடக்கும்போது கமிஷன் ஷீட் இன்னும் யூசர் எண்ணிக்கைய வச்சு வர்ற சந்தா மேலதான் இருக்கு. அடுத்த வாரம் அதுக்கு புது வரைவு எழுத உக்காரறோம், அக்கவுண்ட்ஸ் மேடத்தையும் அந்த சப்போர்ட் பொண்ணையும் ஆரம்பத்துல இருந்தே அந்த ரூம்ல உக்கார வைக்கணும்னு கேட்டிருக்கேன், சரின்னுட்டாங்க.