மிஸ்ஸி கேட்ட கேள்வி

"அக்கா, இன்னைக்கு இவங்களைப் பத்தித் தகவல் கொடுக்காம விட்டுட்டா நாளைக்கு வர்றவங்களையும் நானே விடணுமா?" என்று வார்டு மிஸ்ஸி, அதாவது நர்ஸ், கேட்டார். "இந்த ஒரு தடவை பாரும்மா" என்றேன். அது பதிலே இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும்.

பிரசவத்துக்கு வந்தவர் மியன்மாரின் ரோஹிங்கியா இனத்து அகதிப் பெண். கணவரிடம் யூஎன் கார்டு, அதாவது ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுக்கும் அடையாள அட்டை, இருந்தது. பின்னால் படகில் வந்து சேர்ந்த மனைவிக்கு இன்னும் கிடைக்கவில்லை. கார்டு இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி குறையும், போலீஸ் பிடித்தால் எடுத்துக் காட்ட ஒன்று இருக்கும். அவ்வளவுதான். 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. நம் குடிநுழைவுச் சட்டம் அகதியைத் தனியாகப் பார்ப்பதும் இல்லை. கார்டும் இல்லாதவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கோ குடிநுழைவுத் துறைக்கோ சொல்ல வேண்டும் என்கிறது 2001-ல் வந்த சுகாதாரச் சுற்றறிக்கை.

அந்தப் பயத்தில் வீட்டிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்றவரை வற்புறுத்தி அனுப்பியது நான்தான். ரத்த அழுத்தம் ஏறியிருந்தது, வேறு வழியில்லை. அனுப்பிவிட்டு அவர் பாடு என்று இருக்க முடியுமா? தடுப்பு முகாம்களுக்குள் யூஎன் ஆட்களை 2019 ஆகஸ்டிலிருந்து விடுவதில்லை. பச்சைக் குழந்தையோடு உள்ளே போனால் எப்போது வெளியே வருவார்?

சரி, ஆனால் மாட்டியிருந்தால் போயிருப்பது மிஸ்ஸியின் அரசாங்க வேலை. எனக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சிகிச்சை பெறுவது உரிமை, யாரும் போடும் பிச்சையில்லை என்று பயிற்சி வகுப்புகளில் பேசுகிற நான், அங்கே ஒருவரிடம் தயவு கேட்டு நின்றேன். அதுவும் தமிழ்ப் பெண் என்பதால். மலாய்க்கார மிஸ்ஸி இருந்திருந்தால் வாய் திறந்திருக்கவே மாட்டேன்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள். மிஸ்ஸி தகவல் கொடுக்காமல் விட்டாரா, கொடுத்தும் யாரும் வரவில்லையா, தெரியாது. கேட்கவும் இல்லை. வாட்சப்பில் ஒரு நன்றி போட்டால்கூட அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

இப்போது கார்டில்லாத இன்னொரு கர்ப்பிணி. இந்த முறை நேர்வழியில் போவோம் என்று ஆஸ்பத்திரியின் சமூகப் பணிப் பிரிவுக்கு முறையாகக் கடிதம் எழுதினேன். அந்தப் பெண்ணின் கணவருக்கு மலாயில் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மனைவியின் பெயரையும் வீட்டு முகவரியையும் நீங்களே எழுதிக் கொடுக்கிறீர்களே, ஏன்?" என்றார். நடைமுறை அதுதான் என்று நான் சொன்னது எனக்கே அந்தச் சுற்றறிக்கை மாதிரிக் கேட்டது. அப்புறம் மிஸ்ஸியைக் கூப்பிடலாமா என்றும் யோசித்தேன். அவருக்குக் கொடுக்க என்னிடம் இன்னும் பதில் இல்லை. கடிதத்தைக் கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய, பிரசவத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன.