மாமாவின் பால் மரக் காட்டுக்கு ஒரு மழைமானி

மலேசியாவின் பாடாங் செராயில் மாமா இரண்டு ஏக்கர் பால் மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டுகிறார்; பட்டையில் கோடு கீறிப் பால் இறக்குவதைத்தான் வெட்டு என்கிறோம். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ஆனால் இரவு மழையில் பட்டை நனைந்திருந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்துவிடும், பால் பிடிக்கும் மங்கில் சேருவதும் தண்ணீர்தான். வீட்டில் தூறல்கூட இல்லாத இரவில் காட்டில் கொட்டித் தீர்த்திருக்கும். அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகவே, காட்டில் பெய்வதை அளந்து மாமாவின் கைபேசிக்குச் சொல்லும் இந்த மழைமானி. காட்டை ஒட்டி வீடு வைத்திருப்பவர் தம் வைஃபையைத் தந்து உதவினார்.

இதை இயக்குவது ஈஎஸ்பி32 என்ற, வைஃபை உள்ளடங்கிய சில்லு. ஷாங்காயின் எஸ்ப்ரெசிஃப் 2016இல் வெளியிட்டது. இதைவிட மலிவான சில்லுகள் உண்டு, ஆனால் நான் பார்த்தது அதோடு வரும் மென்பொருளை. ரிச்சர்ட் பாரி 2003இல் தொடங்கிய, சிறு சில்லுகளுக்கான இயங்குதளமான ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸைச் சில்லின் இரண்டு கோர்களுக்கு (செயலிகளுக்கு) ஏற்ப மாற்றி, இணையத்துக்கு எல்டபிள்யூஐபியையும் மறையாக்கத்துக்கு எம்பெட் டிஎல்எஸ்ஸையும் சேர்த்து, எல்லாவற்றையும் ஈஎஸ்பி-ஐடிஎஃப் என்று ஒரே கட்டாக அந்த நிறுவனமே தருகிறது. 2017இல் ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸின் பொறுப்பை அமேசான் ஏற்றபோது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், என்எக்ஸ்பி, மைக்ரோசிப், எஸ்டி ஆகிய சில்லு நிறுவனங்கள் கூடவே கைகோத்தன. அந்த அறிவிப்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, அப்போது உரிமம் எம்ஐடிக்கு மாறியதுதான். யார் வேண்டுமானாலும் எடுத்து எதில் வேண்டுமானாலும் போடலாம். சில்லு செய்பவரும் மென்பொருள் எழுதுபவரும் இப்படி ஒத்துப்போகாவிட்டால், மாமாவின் கைபேசிக்கு டெலிகிராமில் ஒரு வரி அனுப்பவே எனக்கு ஒரு வருடம் ஆகியிருக்கும்.

மழை அளப்பது பழைய முறைதான். புனலுக்குக் கீழே சீசா பலகை போல ஆடும் இரண்டு சின்னக் கிண்ணங்கள். ஒன்று நிறைந்ததும் சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வுக்கும் கிண்ணத்தோடு ஆடும் காந்தம், காந்தம் கிட்டே வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்சைத் தாண்டிப் போகும். புனலின் விட்டம் 16 செ.மீ., அதாவது பரப்பு ஏறக்குறைய 201 சதுர செ.மீ. கிண்ணம் 4 மி.லி.யில் சாய்ந்தால் ஒரு சாய்வு 0.2 மி.மீ. மழை.

சில்லு பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கும். அப்போது சில்லு மட்டும் எடுப்பது 10 மைக்ரோஆம்பியர் அளவுதான். சாதாரண போர்டில் பவர் எல்இடியும் யூஎஸ்பி சில்லும் ரெகுலேட்டரும் சும்மாவே பேட்டரியைக் குடிக்கும் என்பதால், குறைந்த மின்சாரத்துக்கென்றே செய்த ஃபயர்பீட்டில் போர்டை வாங்கினேன். சுவிட்ச் மூடியதும் எழுந்து, தூக்கத்திலும் அழியாத ஆர்டிசி நினைவகத்தில் எண்ணிக்கையை ஒன்று கூட்டிவிட்டு, சுவிட்ச் திறந்ததும் மறுபடி தூங்கிவிடும். நம் ஊர் மழைக்கு இது ஈடுகொடுக்குமா? மணிக்கு 100 மி.மீ. கொட்டினாலும் 7.2 விநாடிக்கு ஒரு சாய்வுதான். தாராளமான நேரம்.

வைஃபை தொடங்கும்போதுதான் சிக்கல் வந்தது. அந்தக் கணத்தில் மின்சாரம் நூற்றுக்கணக்கான மில்லிஆம்பியருக்கு எகிறும். மின்னழுத்தம் விழுந்து, பிரௌன்அவுட் என்று காட்டிச் சில்லு திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. போர்டுக்கு நெருக்கமாக 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்த பிறகு சரியாகிவிட்டது.

இப்போது நள்ளிரவிலிருந்து எண்ணி, 1 மி.மீ., அதாவது ஐந்து சாய்வு, தாண்டினால் மாமா எழும் நேரத்துக்குள் செய்தி போய்விடுகிறது. வைஃபை இணையும்போதெல்லாம் நேரத்தையும் இணையத்திலிருந்து சரிசெய்துகொள்கிறது. தூக்கத்தில் அதன் கடிகாரம் கொஞ்சம் விலகும்.

அப்புறம் அளவுச் சோதனை. மூடியில் ஊசித்துளை போட்ட பாட்டிலால் ஒரு லிட்டர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். 250 சாய்வு வர வேண்டும், 240ஐ ஒட்டித்தான் வருகிறது. கிண்ணத்துக்கு அடியிலுள்ள திருகுகளைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். புனலுக்குள் கட்டெறும்பு குடியேறப் பார்த்தது, வலை போட்டாயிற்று. பிப்ரவரி வாக்கில் பால் மரம் இலை உதிர்க்கத் தொடங்கும். அந்த இலை வலையை அடைத்துவிடாமலிருக்க, வலையைக் கூம்பு வடிவில் மாற்றுவது அடுத்த வேலை.