நிற்கும் காரில் எரியும் பெட்ரோல்: டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை

புனித வெள்ளியன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாரியம்மன் கோவிலில் நடைபெறும் தீமிதித் திருவிழாவைக் காண, தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கிளம்புகிறவர்கள், 80 கி.மீ. தானே, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடக் கூடாது. நாங்கள் போன அன்று மேரியன்ஹில் சுங்கச்சாவடியில் வரிசை நீண்டிருந்தது. அதைத் தாண்டினால், என்3 நெடுஞ்சாலையை அகலப்படுத்தும் பணிக்காகக் குறுக்கப்பட்ட பாதையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எங்களுடையது பழைய ஆட்டோமேட்டிக் கார். சிக்னலில் தானாக அணைந்து தானாகக் கிளம்பும் வசதியெல்லாம் அதில் கிடையாது. இப்படி நிற்கும்போது நியூட்ரலுக்கு மாற்றினால் பெட்ரோல் மிச்சமாகுமா என்பதுதான் கேள்வி.

கியர் லீவரை டி-யில் (டிரைவ்) வைத்து, பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது சக்கரம்தான் நிற்கிறதே தவிர, எஞ்சின் சும்மா இருப்பதில்லை. எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் எண்ணெயை அது விடாமல் கலக்கிக்கொண்டிருக்கிறது. பிரேக் தடுப்பதால் அந்த உழைப்பு முழுவதும் வெப்பமாகவே போகிறது. நியூட்ரலுக்கு மாற்றினால் அந்தச் சுமை இறங்கிவிடும். ஏசி ஓட, டி-யில் மணிக்கு ஒரு லிட்டர் என்று காட்டிய டாஷ்போர்டு திரை, நியூட்ரலில் 0.8 என்று காட்டியது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் பார்த்தால் நிமிடத்துக்கு மூன்று மில்லிலிட்டர்தான் மிச்சம். ஆட்டோமேட்டிக்கில் இன்னொரு வகையான இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் நிற்கும்போது கிளட்ச் தானே விலகிவிடுவதால், அந்த லாபமும் பெரிதாக இராது.

எனவே சுங்கச்சாவடி வரிசையில், அரை நிமிடத்துக்கு ஒருமுறை நகர வேண்டிய இடத்தில், லீவரை முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வழியில் உள்ள கேட்டோ ரிட்ஜ் என்ற ஊரை நெருங்கும்போது, முன்னே நடந்த விபத்தை அகற்றுவதற்காகப் போக்குவரத்தை முழுவதுமாக நிறுத்திவிட்டார்கள். அங்கேதான் உண்மையான சேமிப்பு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பார்க்கில் போட்டு, எஞ்சினையே அணைத்தோம். 20 நிமிடம் நின்றதில் மூன்றில் ஒரு பங்கு லிட்டர் மிஞ்சியது. மறுபடி ஸ்டார்ட் செய்தால் நிறையப் பெட்ரோல் குடிக்கும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்றைய இஞ்செக்‌ஷன் எஞ்சினுக்குப் பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தாலே அணைப்பது லாபம். ஸ்டார்ட்டரும் பேட்டரியும் தேய்வதைக் கருதி, ஒரு நிமிடமாவது நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால் மட்டுமே நான் அணைக்கிறேன்.

“தம்பி, ராத்திரியில் ரோபாட்டில் மட்டும் இந்த வேலை வேண்டாம்,” என்றார் பின்னால் அமர்ந்திருந்த, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியைச் சேர்ந்த அண்ணன். இங்கே சிக்னலுக்கு ரோபாட் என்றுதான் பெயர். அவர் சொன்னது சரி. கார் பறிப்பு நடக்கும் ஊரில், இருட்டிய பிறகு சிக்னலில் டி-யிலேயே, முன் வண்டிக்கு இடைவெளி விட்டு நிற்பதுதான் புத்திசாலித்தனம். மூன்று மில்லிலிட்டருக்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது.

திரும்பும் வழியில், கடலை நோக்கி இறங்கும் நீண்ட சரிவுகளில் நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஆபத்து மட்டுமல்ல, நஷ்டமும்கூட. டி-யில் இருந்தபடி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் இஞ்செக்டர்கள் எரிபொருளை நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலிலோ எஞ்சின் தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளப் பெட்ரோல் எரித்தாக வேண்டும், எஞ்சின் பிரேக்கும் கிடைக்காது. கனரக லாரிகளுக்கு நடுவே இறங்கும் அந்தச் சாலையில் லீவரை டி-யிலேயே விட்டுவிட்டேன். சரிவு முழுவதும் திரை 0.0 என்றே காட்டியது.