மதகுச் சுவருக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

ஒரு வீதிக்குக் காப்பெற் (தார்க் கலவைப் படை) போடும்போது மிச்சமாகும் நேரமும் எரிபொருளும் இலாபப் பக்கத்தில் ஏறும். அந்த மிச்சம் வேகத்தால் வருவது. 50 கிலோமீற்றரில் போன வாகனம் 70 இல் போனால் மோதும் சக்தி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதையும் செலவுப் பக்கத்தில் எழுதினால்தான் கணக்கு நேர்மையானது.

காரைதீவிலிருந்து சம்மாந்துறை தாண்டி அம்பாறைக்குப் போகும் வீதியை எடுங்கள். இரு பக்கமும் வயல், குறுக்கே வாய்க்கால்கள், அவற்றுக்கு மதகுகள். மதகின் முனைச் சுவர் வீதி ஓரத்திலேயே நிற்கும்; விலகும் வண்டி மோதுவது அதில்தான். ஓரச் சரிவு 1:4 (நாலு மீற்றர் அகலத்துக்கு ஒரு மீற்றர் இறக்கம்) அல்லது அதைவிடத் தட்டை என்றால் விலகிய வண்டியைத் திரும்ப ஏற்றலாம். 1:3 இல் கவிழாமல் கீழே போய்விடும், ஏறாது. அதற்கு மேல் செங்குத்தென்றால் கவிழும். வயற்காரரின் காணியை எடுக்காமல் எல்லா இடத்திலும் 1:4 கிடைக்காது. ஆகவே இடம் பார்த்துத்தான் செலவழிக்கவேண்டும்.

கணக்குக்காக ஒரு மதகு: 20 வருடத்துக்கு ஒரு மோதல், மோதலின் செலவு 30 இலட்சம். வருடத்துக்கு 150,000 ரூபாய் நட்டம். மதகை நீட்டிச் சுவரை ஓரத்திலிருந்து தள்ளிவைக்க 10 இலட்சம். நூற்றுக்குப் 10 வட்டியில் 20 வருடத்துக்குப் பரப்பினால் வருடம் 117,460. நட்டத்தில் 80 வீதம் குறைந்தால் இலாபம் 120,000. சரிதானே என்று தோன்றும். ஆனால் சுவருக்கு வெள்ளையடித்து ஒளிதெறிப்புக் குறிகளை நட வருடம் 10,000 போதும். 15 வீதம் குறைந்தாலும் 22,500 மிச்சம். அதற்கு மேல் மதகை நீட்டக் கூடுதல் செலவு 107,460, கூடுதல் இலாபம் 97,500. தேறாது. அதே மதகு வளைவின் வெளிப்புறத்தில் இருந்து மோதல் இரண்டு மடங்கானால் கூடுதல் இலாபம் 195,000. அங்கே நீட்டுங்கள்.

"தகரத் தடுப்பு போட்டால் என்ன?" என்பதுதான் எல்லாரும் முதலில் கேட்பது. தடுப்பும் மோதக்கூடிய ஒரு பொருள்தான். ஒரு மீற்றர் சுவரை மறைக்கப் பல மீற்றர் முன்னாலேயே தொடங்கவேண்டும். நீளம் கூடக்கூட அடிபடும் தடவையும் கூடும். மோட்டார் சைக்கிள்காரருக்கு அதன் தூண்களே கத்தி. முனையை மொட்டையாக விட்டால் தகரம் வண்டிக்குள் பாயும். பாலச் சுவரோடு சேருமிடத்தில் தூண்களை நெருக்கி நடாவிட்டால் தகரம் வளைந்து, வண்டியைச் சுவரின் முனைக்கே கொண்டுபோய்க் கொடுக்கும்.

நெல் காயப்போட்டு ஓரத்தில் அடுக்கிய கற்களும் இரவில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடுகளும் எந்த மதிப்பீட்டிலும் வராது. வண்டிகள் விலகுவதற்கு அவையும் காரணம்.

மலிவான வேலை தார் விளிம்பில் இருக்கிறது. 50 மில்லிமீற்றர் காப்பெற் போட்டு ஓர மண்ணை உயர்த்தாவிட்டால் அங்கே ஒரு படி உருவாகும். இறங்கிய சில்லு அந்தப் படியில் உரசி, சாரதி பலமாகத் திருப்ப, சட்டென்று ஏறி எதிர்ப்பக்கம் பாயும். காப்பெற் விரிக்கும்போதே விளிம்பை 30 பாகைச் சரிவாக அழுத்திவிடலாம். ஓரத்துக்குக் கிரவல் போட்டு இறுக்குவதும் அதே ஒப்பந்த விலைப்பட்டியலில் இருக்கட்டும். பிறகு தனியாகச் செய்யலாம் என்று விட்ட ஓரம் முதல் மாரியிலேயே அரித்துப் போய்விடும்.