தெரிந்த முகத்துக்குத் துடிக்கும் நியூரான்

மனித மூளையில் ஒற்றை நியூரானின், அதாவது ஒரு நரம்பு செல்லின், மின் துடிப்பைத் தனியாகப் பதிவு செய்யும் வாய்ப்பு பெரும்பாலும் வலிப்பு நோய் வார்டில்தான் கிடைக்கிறது. மருந்துக்கு அடங்காத வலிப்பு எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்க்க மூளைக்குள் எலக்ட்ரோடு வைத்துக் காத்திருப்பார்கள். எங்கே வைப்பது என்பது சிகிச்சைக்கான முடிவு. ஆராய்ச்சியாளர் அதில் தலையிட முடியாது. எலக்ட்ரோடின் நுனியில் 40 மைக்ரான் தடிமனில் ஒன்பது கம்பிகள் நீண்டிருக்கும். எட்டு பதிவுக்கு, ஒன்று ஒப்பீட்டுக்கு.

வேலையில் பாதி, படம் தேர்ந்தெடுப்பதுதான். யாரைப் பிடிக்கும், யார் வீட்டு மனிதர் என்று நோயாளியிடம் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். முன்பின் தெரியாத முகத்துக்கு, நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸ் அதிகம் அசைவதில்லை. உறவினருக்கு அசையும், பழகிவிட்டால் சோதனை நடத்துபவருக்கும்கூட. காலையில் சுமார் நூறு படங்கள், ஒவ்வொன்றும் ஒரு விநாடி, ஆறு முறை, வரிசை மாற்றி. எந்தப் படத்துக்கு நியூரான் துடித்தது என்று பிரித்தெடுத்து, அதே ஆளின் வேறு படங்களைத் தேடி, அன்றைக்கே மறுபடி காட்ட வேண்டும். கம்பி இம்மியளவு நகர்ந்தாலும் நியூரான் கைவிட்டுப் போகும்.

2005-ல் ஆராய்ச்சியாளர்கள் கியான் கிரோகா, இட்ஸாக் ஃப்ரீட் குழு லாஸ் ஏஞ்சலிஸில் கண்ட ஒரு நியூரான், நடிகை ஹாலி பெர்ரியின் புகைப்படத்துக்கும் ஓவியத்துக்கும் முகமூடி வேடத்துக்கும் துடித்தது; வெறும் எழுத்தில் பெயரைக் காட்டியபோதும் துடித்தது. இத்தகைய துடிப்பு படம் தோன்றி சுமார் 300 மில்லிவிநாடி கழித்தே தொடங்குகிறது. முகத்தை முகமென்று அறியும் பகுதி 170-லேயே வேலையைத் தொடங்கிவிடும். ஆக, இங்கே பதிவாவது பார்வை அல்ல, அந்த ஆளைப் பற்றிய நினைவு.

கட்டில் மோட்டாரின் இரைச்சலையும் வலிப்பு அலையின் கூர்முனையையும் நியூரான் துடிப்பென்று எண்ணிவிடுவது எளிது. எட்டுக் கம்பியிலும் ஒரே கணத்தில் வந்தால் சந்தேகமின்றித் தள்ளிவிடலாம். இரண்டு நியூரான்களின் துடிப்பைப் பிரிக்காமல் ஒன்றாகவே எண்ணியிருந்தால்தான் தொல்லை: ஒரே நியூரான் இருவருக்குத் துடிப்பதாகத் தோன்றும். அலைவடிவத்தைப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஏனெனில் உண்மையிலேயே அப்படி நடப்பதுண்டு. ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரின் நடிகை ஜெனிஃபர் அனிஸ்டனுக்குத் துடித்த நியூரான், மறுநாள் அதே தொடரில் நடித்த லிசா குட்ரோவுக்கும் துடித்தது. 2015-ல் வெளிவந்த ஆய்வில், தெரிந்த ஆளை ஓர் இடத்தோடு சேர்த்துக் காட்டியதும், அந்த ஆளுக்குரிய நியூரான் அந்த இடத்தின் படத்துக்கும் துடிக்கத் தொடங்கியது. பல நியூரான்களில் இந்த மாற்றம் படிப்படியாக வரவில்லை, சட்டென்று வந்தது.

ஒருவருக்கு ஒரு நியூரான் என்று பத்திரிகைகள் எழுதுவதை ஏற்க முடியாது. கோடிக்கணக்கான நியூரான்களில் சில டஜன்களை மட்டும் கேட்டு, நூறு படம் காட்டியே ஒன்று சிக்குகிறதென்றால், அந்த ஆளுக்குத் துடிப்பவை இன்னும் ஏராளமாக இருக்க வேண்டும். சிக்கிய நியூரானும் நாம் காட்டாத வேறு பலருக்குத் துடிக்கக்கூடும்.